மூன்றும் ஒன்றும்

பழைய கார்களைச் சீர்செய்யும் பட்டறை சிவகாமியுடையது. அவளிடம் தொழில் கற்க வந்த சென்னியப்பன் அவளைவிட மூத்தவர். லாரி ஓட்டிய காலத்தில் கிளீனரைக்கூட நம்பாத மனிதர், இங்கே வந்தும் திருந்தவில்லை.

ஒரு நாள் காலை, பட்டறையில் வேலை செய்யும் அங்கமுத்து சீர்செய்து நிறுத்தியிருந்த காரின் அடியில் சென்னியப்பன் படுத்துப் பார்த்தார். பின்சக்கரங்கள் நேராக நிற்பதற்கு, அவற்றைத் தாங்கும் இரும்புக் கைகளின் ஓரத்தில் மெல்லிய தகடுகள் வைப்பார்கள். இடப்பக்கம் மூன்று தகடுகள் இருந்தன. வலப்பக்கம் ஒன்றுதான்.

எழுந்து நேரே சிவகாமியிடம் போனார்.

“அம்மணி, அங்கமுத்து ரெண்டு தகட்டை முழுங்கிட்டானுங்க. வேலியே பயிரை மேயுது. நாளையிலிருந்து வர வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க.”

“அவருகிட்டக் கேட்டீங்களா?”

“திருடன்கிட்டயே போய்க் கேக்கறதுங்களா?”

“சரிங்கண்ணா. நீங்களே சரி பண்ணுங்க. வண்டி நேரா ஓடுச்சுன்னா அவரை அனுப்பிடறேன்.”

அங்கமுத்துவுக்கு வேறு பிழைப்பு இல்லை. அது தெரிந்தும் துணிந்துதான் சொன்னாள்.

சென்னியப்பன் இடப்பக்கத் தகடு ஒன்றை உருவி வலப்பக்கம் வைத்தார். இப்போது இரண்டுக்கு இரண்டு. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. சிவகாமியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். பிடியைத் தளர்த்தியதும் வண்டி இடப்பக்கமாக ஒதுங்கியது.

“நீங்க ஸ்டீயரிங்கைத் தொடலீங்களே?”

சிவகாமி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

“அப்ப அவன் வேறென்னமோ பண்ணி வெச்சிருக்கானுங்க.”

பட்டறைக்குத் திரும்பியதும், சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க, அவள் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நூல் கட்டினாள். நூலுக்கும் பின் டயருக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழைந்தது.

“பழையபடி மூணும் ஒண்ணும் வைங்க.”

முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். இப்போது நூல் டயரை ஒட்டி நின்றது.

“எப்பவோ அடிபட்ட வண்டிங்கண்ணா. உடம்பே கோணல்.”

சென்னியப்பனின் முகம் சுருங்கிப் போனது. முடிச்சில் ஏதாவது தில்லுமுல்லு இருக்குமோ என்று நூலை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அங்கமுத்து டீ வாங்கிக்கொண்டு வந்து மூன்று கிளாஸில் ஊற்றி வைத்தார். சென்னியப்பன் குனிந்து, எதில் குறைகிறது என்று பார்த்தார்.

சிவகாமி நூலை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள்.

“அளந்து பாக்க வேணுங்களாண்ணா?”