முள்ளை மூடிய தோல்

புளியங்காட்டு யானைக் கூட்டத்துக்குக் குன்னம்மைதான் தலைவி. முன்னால் நடப்பவள் நொண்டினால் அடுத்தவள் முன்னே வந்துவிட வேண்டும். அது அந்தக் கூட்டத்து வழக்கம்.

அந்தக் கோடையில் குன்னம்மையின் முன்னங்காலில் ஓர் உடைமரத்து முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. காட்டில் வைத்தியம் பார்க்கும் மைனா தினமும் வந்து புண்ணைக் கிளறிச் சீழ் எடுத்தது. முள் மெல்ல மேலே வரும், அதுவரை புண்ணின் வாய் மூடக் கூடாது, சேற்றை அப்பிக்கொண்டு பொறுத்திரு என்றது.

பொறுக்கத்தான் முடியவில்லை.

"காலும் போச்சு, தோலும் காஞ்ச ஏரி மாதிரி வெடிச்சுப் போச்சு. நீ ஓரமா வாயேன்க்கா" என்று சிரித்தாள் தங்கை மருதி.

அந்தச் சமயம் பார்த்துப் புனுகுப்பூனை வந்தது, கழுத்தில் சுரைக்குடுக்கையோடு. பல்லிக்கு அறுந்த வாலை வளர்த்துக் கொடுக்கும் சாறு, பாம்பு சட்டை உரிக்கையில் கசியும் நீர், நத்தை போன தடத்துப் பசை. மூன்றையும் கலந்த கலவையாம். புண்ணும் மூடிவிடும், சுருக்கமும் போய்விடுமாம். வாசனைக்குத் தன் புனுகையும் கொஞ்சம் சேர்த்திருந்தது.

"முன்னாடி யாருக்குப் பூசியிருக்கே?" என்றது மைனா.

"எலிக்கு. என்ன அழகா ஆச்சு தெரியுமா?"

மைனா மறுபடி வாயைத் திறப்பதற்குள் குன்னம்மை காலை நீட்டிவிட்டாள். கால் முடிந்து முதுகுக்கும் பூசச் சொன்னாள்.

மறுநாள் காடே வேடிக்கை பார்க்க வந்தது. புண் இருந்த இடம் தெரியவில்லை. காலும் முதுகும் வாழைத்தண்டு போல வழவழத்தன. மருதி ஒதுங்கி வழிவிட்டாள். குன்னம்மை முன்னே நடந்தாள். புனுகுப்பூனை கூடவே பெருமையாக ஓடியது. மான்கள் அதன் குடுக்கையையே பார்த்துக்கொண்டு வந்தன.

வெயில் ஏறியது. வழியில் கிடந்த சேற்றை வாரிக் குன்னம்மை முதுகில் போட்டாள். அது வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. திரும்பப் போட்டாள், திரும்ப விழுந்தது. இத்தனை காலம் சேற்றையும் ஈரத்தையும் பிடித்து வைத்திருந்தவை அந்தச் சுருக்கங்கள்தான். தோல் கொதித்தது. கால் பானை போல வீங்கியது. குட்டைக்குப் போய்ச் சேருமுன்பே அவள் சரிந்தாள்.

மைனா அந்தக் காலைத் தட்டிப் பார்த்தது. "பொறுத்துக்கோ ஆத்தா" என்று ஓங்கிக் கொத்தியது.

பளபளத்த தோல் கிழிந்தது. சீழ் பீய்ச்சி அடித்தது. கூட்டம் பதறிப் பின்வாங்கியது. மேலே ஒரு வடுகூட இல்லாத காலுக்குள் எலும்பு வரை அழுகியிருந்தது.

முதலில் கிட்டே வந்தவள் மருதி. தும்பிக்கையை உள்ளே விட்டுக் கறுத்துப்போன முள்ளை இழுத்து எறிந்தாள்.

குன்னம்மை மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "அந்த எலி இப்ப எங்கடா?"

புனுகுப்பூனை குடுக்கையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தது. "செத்துப்போச்சு தாயி. ஆனா சாகும்போதுகூட மேலே ஒரு கீறல் இல்லை."

ஒரு பெண் மான் மெல்ல முன்னே வந்தது.

"புண்ணுக்கு வேண்டாம். முகத்துக்கு மட்டும் கொஞ்சம் மீதி இருக்குமா?"

குன்னம்மை அதை வெறித்துப் பார்த்தாள். மருதிமேல் சாய்ந்து எழுந்தாள். ரத்தம் ஒழுகும் அந்தக் காலையே குடுக்கைமேல் வைத்து அழுத்தி நொறுக்கினாள். பிறகு தங்கையை முன்னே விட்டுவிட்டு, புண்ணைத் திறந்தபடியே, கடைசி ஆளாக நொண்டிக்கொண்டு குட்டைக்குப் போனாள்.

உள்ளே முள் இருக்க மேலே மூடிய புண், ஆறிய புண் ஆகாது.