சவரி முயலின் குன்றிமணி

மலைமேல் ஒரு காடு. அந்தக் காட்டில் சவரி என்ற முயலும் பிலவேந்திரன் என்ற நரியும் இருந்தன. காட்டை ஒட்டி ஒரு கோல்ஃப் மைதானம், மைதானத்தை ஒட்டி ஒரு மாதா கோயில். ஞானஸ்நானத்தின்போது சாமியார் சொல்லும் பெயர்களை வேலியோரம் நின்று கேட்டுக் கேட்டு, மிருகங்கள் தங்கள் குட்டிகளுக்கும் அவற்றையே வைத்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தால் மனிதர்கள் எல்லோரும் பூசைக்குப் போய்விடுவார்கள். மைதானம் காலி! பூசை முடிந்து கடைசி மணி அடிக்கும்வரை அங்கே மிருகங்களின் ஆட்டம்தான். மனிதர்கள் புதருக்குள் தொலைத்த பந்துகள், மூங்கில் வேரில் செய்த மட்டைகள், ஒன்பது குழிகள். குறைந்த அடிகளில் ஒன்பது குழிகளிலும் பந்தைப் போடுகிறவர் ஜெயித்தவர். ஆடுகிற மிருகங்கள் ஒன்றையொன்று தின்னக் கூடாது என்பது முதல் விதி. மனிதர்களிடம் இவ்வளவு நல்ல விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. அவரவர் தப்பை அவரவரே சொல்ல வேண்டும். அடிக்கும் முன் பந்து கொஞ்சம் அசைந்துவிட்டாலும் தப்புத்தான். அங்கேயே சொன்னால் ஓர் அடி கூடும். மறைத்து வைத்திருந்து கடைசியில் சொன்னால் இரண்டு அடி. ஒன்பதாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல் உண்டு. ஆட்டம் முடிந்ததும் அதன்மேல் கை வைத்து, "நான் இத்தனை அடி அடித்தேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான்!

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் மிளா மான் அந்தோணியம்மா ஆளுக்கு ஒரு குன்றிமணியைக் கொடுக்கும். அதற்கு இரக்கமணி என்று பெயர். அதைக் கொடுத்தால் ஓர் அடி மன்னிக்கப்படும். ஆனால் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது. எதிரே ஆடுகிறவருக்குத்தான் கொடுக்கலாம். எத்தனையோ வருடங்களாக எல்லா மணிகளும் பத்திரமாக அந்தோணியம்மாவிடமே திரும்பி வந்துகொண்டிருந்தன.

மழைக்காலத்துக்கு முந்தின ஞாயிறு பெரிய ஆட்டம். அதில் ஜெயிப்பவருக்கு மேட்டுப் பாறைக்குகை. எவ்வளவு மழை கொட்டினாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாத குகை அது. மழை விடும்வரை அங்கே யார் இருக்கலாம் என்று ஜெயித்தவர்தான் சொல்ல வேண்டும்.

சவரிக்கு அந்தக் குகை வேண்டும். போன மழையில் அதன் வளைக்குள் தண்ணீர் புகுந்து, மூன்று குட்டிகளில் இரண்டு போய்விட்டன. இப்போது மறுபடியும் நான்கு குட்டிகள். கண் திறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

பிலவேந்திரனுக்கும் அந்தக் குகை வேண்டும். கண்ணியில் மாட்டி முறிந்த அதன் பின்னங்கால், ஈரம் பட்டால் வீங்கிக்கொள்ளும். வீங்கிவிட்டால் இரை தேடப் போக முடியாது. போன மழையில் அது பதினோரு நாள் பட்டினி. இந்த வருடப் பெரிய ஆட்டத்தில் மோதியது இவை இரண்டும்தான்.

அந்த ஞாயிறு காலையிலேயே மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. சவரி மட்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டது. அதன் மனைவி அமலி வாசல்வரை வந்தது.

"என்னங்க, ஆட்டத்தைப் பார்த்து ஆடுங்க. நரியைப் பார்த்துக்கிட்டே நிக்காதீங்க" என்றது அமலி.

"நரியைப் பார்க்காம வேற யாரைப் பார்க்கிறது? நரின்னா சும்மாவா!" என்றது சவரி.

சவரி ஒரு வேலை செய்திருந்தது. கழுத்தில் தொங்கிய இலைப்பையில் குன்றிமணியோடு ஒரு கைப்பிடி கூழாங்கல்லையும் போட்டு வைத்திருந்தது. நரி ஓர் அடி அடித்தால் ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும். நரி ஒன்று குறைத்துச் சொன்னால் கல்லை எல்லோர் முன்னும் கொட்டிக் காட்டிவிட வேண்டும் என்பது அதன் திட்டம். தன் அடிகளுக்கு அது கல் எடுத்து வைக்கவில்லை. தன் மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை!

முதல் மணி அடித்தது. ஆட்டம் தொடங்கியது.

ஏழு குழிகள்வரை இருவரும் சமம். ஆளுக்கு முப்பத்திரண்டு அடி. நரி குனிந்தால் முயல் எட்டிப் பார்த்தது. நரி இருமினால் முயல் காதை நிமிர்த்தியது. கையில் கல் ஏறிக்கொண்டே போனது. மட்டையைப் பிடிக்கவே இடைஞ்சலாகிவிட்டது. இருந்தாலும் சவரி கல்லைக் கீழே போடவில்லை.

எட்டாம் குழிக்கு முன்னால் ஓர் ஓடை. மூடுபனி இறங்கி, எதிரே இருப்பதே தெரியவில்லை. நரி மட்டையை ஓங்கியபோது அதன் நொண்டிக்கால் ஈரப்புல்லில் சறுக்கியது. பந்து பனிக்குள் போய் மறைந்தது. எங்கே விழுந்தது என்று சவரிக்குத் தெரியவில்லை.

நரி நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"ஓடையில விழுந்துடுச்சு சவரி. எனக்கு ஓர் அடி கூட்டிக்கோ."

சவரிக்கு ஆச்சரியம். பார்க்காத இடத்தில் விழுந்த பந்தை இவனாகவே சொல்கிறானே! ஏதோ பெரிய தந்திரம் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு கல்லைச் சேர்த்து எடுத்துக்கொண்டது.

நரி கொஞ்சம் தயங்கியது. பிறகு கேட்டது. "கால் வழுக்கினதாலதான் போச்சு. உன் மணியைக் கொடுக்க மனசு வருமா?"

சவரியின் கை இலைப்பையைத் தொட்டது. நான்கு குட்டிகளும் கண்முன் வந்தன.

"முடியாதுண்ணே! எனக்கும் பிள்ளைங்க இருக்கு!"

"சரிப்பா" என்றது நரி.

எட்டாம் குழி முடிந்தபோது சவரி முப்பத்தாறு, பிலவேந்திரன் முப்பத்தேழு. ஓர் அடி முன்னால்! மழையின் முதல் சொட்டு சவரியின் மூக்கில் விழுந்தது.

ஒன்பதாம் குழி. சவரியின் முதல் அடி கோணிக்கொண்டு போய்ப் பெரணிப் புதரின் பின்னால் விழுந்தது. நரியின் பந்து மைதானத்தின் அந்தக் கோடியில். நடுவில் பனி.

சவரி தன் பந்தைத் தேடிப் போனது. பந்து ஒரு பள்ளத்தில் சிக்கிக் கிடந்தது. அதன்மேல் ஒரு காய்ந்த சருகு. சருகை மெல்ல எடுத்தது. பந்து அசைந்தது. அரை உருட்டு உருண்டு, பள்ளத்திலிருந்து வெளியே வந்து, பதமான புல்மேல் நின்றது!

சவரி சருகைக் கீழே போட்டது.

சுற்றும் முற்றும் பார்த்தது. நரி இல்லை. யார் அசைந்தாலும் ஊரைக் கூட்டும் ஆள்காட்டிக் குருவி பனிக்கு அந்தப் பக்கம் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

'நான் வேணும்னா செய்தேன்? அதுவா அசைஞ்சுது!' என்று சொல்லிக்கொண்டது சவரி. 'அரை உருட்டு. அதுக்கு ஓர் அடியா? சொன்னா சமமாயிடும். மழை இன்னைக்கே வருது. குட்டிகளை எங்கே வைக்கிறது?'

அப்போது கோயிலிலிருந்து சனங்கள் சேர்ந்து செபிக்கும் குரல் பனிக்குள் மிதந்து வந்தது. அது எந்தச் செபம் என்று சவரிக்குத் தெரியும். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல் எங்களையும் மன்னியும் என்று கேட்கிற செபம். பூசையின் கடைசிப் பகுதி. இனிக் கொஞ்ச நேரந்தான் இருக்கிறது.

"அண்ணே!" என்று கூப்பிடச் சவரி வாயைத் திறந்தது.

"என்ன சவரி? பந்து கிடைச்சுதா?" என்று பனிக்குள்ளிருந்து நரியின் குரல் கேட்டது.

"கிடைச்சுடுச்சு!" என்றது சவரி. அவ்வளவுதான் சொன்னது.

பிறகு மட்டையை ஓங்கி அடித்தது. அந்த மாதிரி ஓர் அடியை அது வாழ்நாளில் அடித்ததில்லை. பந்து வானத்தில் ஏறி, குழிக்குப் பக்கத்தில் மெத்தென்று இறங்கியது. "பிரமாதம்!" என்று நரி கத்தியது. சவரி மட்டையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தது.

நரி நான்கு அடியில் குழியை முடித்தது. சவரியும் நான்கு அடி. வெள்ளைக் கல்லைச் சுற்றி எல்லா மிருகங்களும் வந்து நின்றன. மழை இப்போது சடசடவென்று பெய்யத் தொடங்கியிருந்தது. வளைக்குள் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டதால் அமலி நான்கு குட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. குட்டிகள் நனைந்து நடுங்கின.

நரி கல்லின்மேல் கை வைத்தது. "நாற்பத்தொண்ணு" என்றது.

சவரி தன் கையிலிருந்த கற்களைப் பார்த்தது. எத்தனை முறை எண்ணினாலும் நாற்பத்தொன்றுதான்! இந்த நரி ஓர் இடத்தில்கூடப் பொய் சொல்லவில்லை. காலையிலிருந்து கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக்கொண்டிருந்தோமே, யாரைப் பார்த்தோம்? சவரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சீக்கிரம் சவரி! கடைசி மணி அடிச்சுடும். நாயோட வந்துடுவாங்க!" என்று ஆள்காட்டி கத்தியது.

சவரி கல்லின்மேல் கை வைத்தது. கல் சில்லென்று இருந்தது. நாற்பது என்று சொன்னால் குகை அதனுடையது. குட்டிகள் இன்றைக்கே வெதுவெதுப்பாகத் தூங்கும். 'நா' என்று நாக்கு எழும்பியது. அதற்குமேல் எழும்பவில்லை.

அதன் கையிலிருந்த கற்கள் பொலபொலவென்று கீழே விழுந்தன.

"நாற்பத்திரண்டு" என்றது சவரி.

"என்னது! நான் எண்ணினேனே, நாற்பதுதான்!" என்றது ஆள்காட்டி.

"உனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. பெரணிக்குப் பின்னால சருகை எடுக்கும்போது என் பந்து நகர்ந்துடுச்சு. அங்கேயே சொல்லியிருந்தா ஓர் அடி. நான் மறைச்சுட்டேன். அதனால ரெண்டு." சவரி நரியின் பக்கம் திரும்பியது. "அண்ணே, பந்து கிடைச்சுதான்னு நீங்க கேட்டப்போ சொல்ல வாயெடுத்தேன். பயமாயிருந்துச்சு. நான்தான் திருடன். நாள் பூரா உங்களைத் திருடன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்!"

ஜெயித்தது நரிதான். குகையும் போயிற்று. சவரி குட்டிகளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டது.

பிலவேந்திரன் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தது. தன் பையை அவிழ்த்தது. குன்றிமணியை எடுத்துக் கல்லின்மேல் வைத்தது.

"நாற்பத்தொண்ணு" என்றது நரி. "இப்போ ரெண்டு பேரும் சமம்."

"எனக்கா?" சவரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க கேட்டப்போ நான் கொடுக்கலையே அண்ணே! கேட்க எனக்கு வாயே இல்லையே!"

"நீ கேட்கலையே. நானாத்தான் கொடுக்கிறேன்" என்றது நரி. "வீங்கின காலோட கிடந்தவனுக்கு நனைஞ்ச குட்டியோட கஷ்டம் தெரியாதா?"

அந்தோணியம்மா ஒரு பெருமூச்சு விட்டது. "சமம்னா அடுத்த ஞாயிறு மறுபடி ஆடணும். அதுவரைக்கும் குகை யாருக்கும் இல்லை. விதி அப்படி!"

மழை வலுத்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறுவரை இந்தக் குட்டிகள் தாங்குமா?

அமலி மெல்லச் சவரியின் பக்கத்தில் வந்தது.

"என்னங்க, உங்க பையில இன்னும் ஒண்ணு இருக்கே!"

சவரி மனைவியைப் பார்த்தது. குட்டிகளைப் பார்த்தது. எட்டாம் குழியில் கேட்டபோது கொடுத்திருந்தால் நரி எப்போதோ ஜெயித்திருக்கும். சவரி பையைத் திறந்தது. கற்கள் போன பிறகு அதில் அந்த ஒரு மணிதான் மிச்சம் இருந்தது.

"ஓடையோரத்துல கொடுத்திருக்க வேண்டியது. இப்போ கொடுக்கிறேன்" என்று கல்லின்மேல் வைத்தது. "உங்களுக்கு நாற்பது அண்ணே. எனக்கு நாற்பத்தொண்ணு. குகை உங்களுக்குத்தான்!"

அந்த நேரத்தில் கடைசி மணி அடித்தது. தூரத்தில் நாய்கள் குரைத்தன. மிருகங்கள் காட்டைப் பார்த்து ஓடின. சவரி இரண்டு குட்டிகளைக் கவ்விக்கொண்டு, தண்ணீர் நிறைந்த தன் வளையின் பக்கம் திரும்பியது.

"ஏய் சவரி! எங்கே போற?" என்று பின்னாலிருந்து நரி அதட்டியது. "ஜெயிச்சது நான்தானே? குகையில யார் இருக்கலாம்னு நான்தானே சொல்லணும்? குட்டிகளைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறு! எனக்கு ஓட முடியாது, மெதுவா வரேன். உள்பக்கம் காய்ஞ்ச இடத்தை அதுங்களுக்குக் கொடு!"

அமலி மற்ற இரண்டு குட்டிகளையும் தூக்கிக்கொண்டது. சவரியும் அமலியும் மேட்டைப் பார்த்து ஏறின. பாதி வழியில் சவரி குட்டிகளை அமலியிடம் விட்டுவிட்டு ஓடிவந்து, நொண்டிய நரிக்குத் தன் மட்டையை ஊன்றுகோலாகக் கொடுத்தது.

அந்த மழை நாற்பது நாள் பெய்தது. நான்கு குட்டிகளும் பிழைத்தன. நரியின் கால் வீங்கவில்லை. அந்த வருடம்தான் முதல்முறையாக இரண்டு குன்றிமணிகள் அந்தோணியம்மாவிடம் திரும்பிப் போகாமல் வெள்ளைக் கல்லின்மேலேயே கிடந்தன.

அடுத்தவன் தப்பை எண்ணுவதை விட்டுத் தன் தப்பை வாய்விட்டுச் சொல்பவனுக்குத்தான், மன்னிப்பை வாங்கவும் அதைத் திருப்பிக் கொடுக்கவும் கை காலியாக இருக்கும்.