ஒன்பது ஆசான்களும் ஒற்றை வாசலும்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேளைக்கொரு ஆசை வந்த நாளிலே, ஒரு தலைநகரத்தின் நடுக் கடைவீதியில் பெரிய கல்விச்சாலை இருந்தது. வைத்தியம், வானநூல், யானைநூல், இலக்கணம் என்று ஒன்பது துறைகள், ஒன்பது ஆசான்கள். சந்தை இரைச்சலைவிட அவர்கள் சண்டை இரைச்சல்தான் அதிகம்.

பத்தாண்டுக்கு ஒருமுறை கல்விச்சாலைக்குத் திட்டம் வகுப்பது அந்நாட்டு வழக்கம். எந்தத் துறை ஓலையில் முதலாவதாக எழுதப்படுகிறதோ அதற்குத்தான் முதல் தாம்பூலம், ஆள், இடம் எல்லாம். இந்த முறை ராஜாவுக்கு ஒருவர் முகமும் வாடக்கூடாதாம்.

"ஒன்பது துறையும் முதலாவதாக இருக்க வேண்டும். இரண்டாவது என்று ஒன்று இருக்கவே கூடாது" என்றார்.

அமைச்சர் சண்பகராயர் எழுந்தார். அரண்மனை விகடர் ஆபத்சகாயத்தின்மேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல்.

"இந்த வேலைக்கு ஆபத்சகாயமே தகுந்தவர், பிரபு. யாராவது ஓர் ஆசான் தம்மை இரண்டாவது ஆக்கியதாகக் குறை சொன்னால், இந்த விகடர் இருக்கையை என் மைத்துனனுக்குக் கொடுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அந்த இருக்கையை விட்டால் ஆபத்சகாயத்துக்கு வேறு பிழைப்பு இல்லை. கவலையோடு குயவர் தெரு வழியே நடந்தார். அங்கே கிணற்றுத் தண்ணீர் கெட்டு, வீட்டுக்கு வீடு காய்ச்சல். வைத்திய ஆசான் திருமேனியார் அடுப்படியில் கஷாயம் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஓய், இந்தக் கிணத்தைச் சோதிக்க நாலு ஆள் கேட்டு மூணு மாசமாச்சு. திட்டம் முடியட்டுங்கறாங்க" என்றார்.

ஆபத்சகாயத்தின் நடையில் வேகம் கூடியது.

அன்றே ஒன்பது ஆசான்களுக்கும் தனித்தனியே ஓலை போயிற்று. 'நாளைக் காலை முரசு முழங்கியதும் சபைக்குள் முதலாவதாக நுழைய வேண்டியவர் தாங்களே. அரச கட்டளை.'

மறுநாள் முரசு முழங்கியதுதான் தாமதம், எட்டு ஆசான்கள் ஒரே வாசலில் பாய்ந்தார்கள். வாசலோ ஓராள் அகலம். யானைநூல் ஆசானுக்கோ அவர் பாடத்துக்கேற்ற உடம்பு. அவருக்கும் கதவுக்கும் நடுவே எலும்பும் தோலுமான இலக்கண ஆசான். முன்னும் போகாமல் பின்னும் போகாமல் எட்டுப் பேரும் இறுகிப்போனார்கள்.

ராஜா முதலில் சிரித்தார். இலக்கண ஆசானின் விழி பிதுங்கியதும் பதறிவிட்டார். "இழுத்து விடுங்கள் அவர்களை."

ஆபத்சகாயம் காவலரைக் கைகாட்டி நிறுத்தினார். "யாரை முதலில் இழுப்பது, பிரபு? ஒருவரை இழுத்தால் அடுத்தவர் இரண்டாவது ஆகிவிடுவார். தங்கள் கட்டளையும் கெடும், அடியேன் இருக்கையும் போகும்."

"கட்டளை கிடக்கட்டுமய்யா. மூச்சு முட்டுகிறவரை முதலில் எடுங்கள். மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்."

ஆபத்சகாயம் எழுத்தரைப் பார்த்தார். "எழுதிக்கொண்டீரா? அதுதான் பத்தாண்டுத் திட்டம்."

கடைசியாக விடுபட்டவர் யானைநூல் ஆசான். "ஏதாவது குறை உண்டா?" என்று சண்பகராயர் ஆவலாகக் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லை. நான் ஒன்பதாவதாகவே இருந்துகொள்கிறேன். மூச்சு விட்டால் போதும்."

ராஜா தலைகளை எண்ணினார். "இன்னோர் ஆசான் எங்கே?"

"குயவர் தெருவில், பிரபு. அங்கே ஒரு தெருவுக்கே மூச்சு முட்டுகிறது. முதலாவது என்று ஓலை அனுப்பியும் அவர் நோயாளிகளை விட்டு நகரவில்லை."

ராஜா முதல் தாம்பூலத்தையும் கேட்ட ஆட்களையும் திருமேனியாருக்கு அனுப்பினார். கிணறு சரியாகும் வரை அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் சுமக்கும் பொறுப்பு சண்பகராயரின் மைத்துனனுக்குப் போயிற்று. தம் முத்துமாலையைக் கழற்றி ஆபத்சகாயத்தின் கழுத்தில் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஒன்றே ஒன்று. அந்த வாசலை மட்டும் அகலப்படுத்திவிடாதீர்கள், பிரபு."

கிரீடம் நழுவுவதுகூடத் தெரியாமல் ராஜா சிரித்தார்.