ரூட்டின் குப்பைத்தொட்டி

மெஷினில் சிக்கிச் செத்தான் மில் தொழிலாளி இருளப்பன். அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்ற வைத்தவர் மேலாளர் தண்டபாணி. பழியைச் செத்தவன் மேலேயே போட்டார். ஆனால் கேமராப் பதிவு இருந்தது.

"அதை அழி. இல்லேன்னா நாளைக்கு வராதே," என்றார், கம்ப்யூட்டர் பார்க்கும் மரியபுஷ்பத்திடம்.

"அது ரூட்டுக்கு, அதான் இந்தக் கம்ப்யூட்டரோட தலைமைக் கணக்குக்கு, மட்டுந்தான் அழியும் சார். ரூட் பாஸ்வேர்டு போட்டு ஃபைல் மேனேஜரைத் திறந்து தர்றேன். நீங்களே அழிச்சிருங்க."

அழித்தார். ஃபைல் மேனேஜரை மூடிவிட்டு, டெஸ்க்டாப்பில் இருந்த குப்பைத்தொட்டியையும் காலி செய்தார்.

"ஏதும் மிச்சமிருக்கா?"

"உங்க தொட்டியில ஒண்ணுமில்லை சார்."

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், பதிவே கிடையாது என்று சாதித்தார் தண்டபாணி. மரியபுஷ்பம் மறுபடி ரூட்டாக நுழைந்து இன்னொரு தொட்டியைத் திறந்தாள்.

"ரூட்டா இருந்து அழிச்சா ரூட்டோட தொட்டிக்குத்தான் சார் போகும். எப்ப அழிச்சதுன்னும் இதுலயே இருக்கு."

அழித்ததை மீட்டெடுத்தாள். பதிவு ஓடியது. மூடியில்லாத மெஷினை நோக்கி இருளப்பன் குனிந்தபோது, மரியபுஷ்பத்தின் கையைப் பிடித்தாள், விசாரணைக்கு வந்து உட்கார்ந்திருந்த அவன் மனைவி.

"இதோட நிறுத்திரும்மா. இதுவரைக்கும் உசிரோடதான இருக்காரு."