சாவடியில் ஒரு சொம்பு மோர்

காரைக்காலிலிருந்து தீர்வை கட்டாமல் கடத்தி வந்த பிராந்திப் பீப்பாய் ஒன்று எல்லைச் சுங்கச்சாவடியில் பிடிபட்டது. ஏலத்தன்று திறந்து பார்த்தால் பாதிதான் இருக்கிறது!

"காவல்காரன் குடித்துவிட்டான், துரை!" என்று மீசையை முறுக்கினார் இன்ஸ்பெக்டர் வேதமாணிக்கம்.

வெள்ளைக்காரத் துரை காவல்காரன் சந்தியாகுவைப் பார்த்து உறுமினார். "மத்தியானத்துக்குள் திருடனைக் காட்டு. இல்லாவிட்டால் நீதான் ஜெயிலுக்குப் போவாய்."

மத்தியானம் சந்தியாகு ஒரு சொம்பு மோரோடு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"தப்பு நடந்துபோச்சுங்க துரை. சரக்கு குறையுதேன்னு இன்னிக்கு விடியக்காலம் பீப்பாயில எலிப் பாஷாணத்தைக் கலந்துட்டேன். குடிச்சது யாரா இருந்தாலும் இந்த மூலிகை மோரை உடனே குடிச்சாத்தான் உயிர் தங்கும்..."

அவன் சொல்லி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் சொம்பைப் பிடுங்கி மடமடவென்று குடித்துத் தீர்த்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், துரை தன்னையே முறைப்பதைப் பார்த்துச் சொம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சைச் சந்தியாகு அப்போதுதான் விட்டான்.

"நிஜமாகவே பீப்பாயில் விஷம் கலந்தாயா?" என்றார் துரை.

"ஐயையோ, சர்க்கார் சரக்குல கை வைப்பேனுங்களா? மோருலதான் கொஞ்சம் பேதி மருந்து கலந்தேன்."

இன்ஸ்பெக்டர் அதற்குள் தாழம்புதரை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தார்.