தீனி டப்பா

மார்கழி பொறந்து பத்து நாள்ல, நாப்பது கெண்டையில இருபத்தொம்பது செத்துப்போச்சு. ஜெசிந்தாவுக்கு போனப் போட்டு, "வந்து பாரு நீ சொல்லிக்குடுத்த லட்சணத்த"ன்னு கத்தினேன்.

கோத்தகிரியில மீன்தொட்டித் தண்ணிய வச்சுக் கீரை வளக்கறத எனக்குச் சொல்லிக்குடுத்தவ அவதான். என்னைவிட இருபது வயசு சின்னவ. தொட்டி என் வீட்டுக்காரி கோமதியோடது. ஐப்பசியில தவறிப்போய்ட்டா. மீனையாவது இந்தக் குளிரத் தாண்டித் தை வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்துரணும்னு இருந்தேன்.

வீட்டுப் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் குடிலுக்குள்ள ஜெசிந்தா வந்தா.

"வாங்க டீச்சரம்மா. இருபத்தொம்பது பாடை கட்டணும். மூங்கில் கொண்டாந்தீங்களா?"

அவ தொட்டியப் பாத்துக்கிட்டே நின்னா.

"ஹீட்டர் வாங்கவான்னு கேட்டேன். வேணாம்னியே!"

"கெண்டை இந்தக் குளிரத் தாங்கும்ணே."

"அப்போ எப்படிச் செத்துச்சு? வெக்கத்துலயா?"

ஸ்வெட்டர் கைய மடிச்சுவிட்டுத் தண்ணிக்குள்ள கைய விட்டா. அடியிலேர்ந்து ஒரு பிடி அள்ளி என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. ஊறி அழுகின தீனி. நாத்தம் தாங்கல.

"தண்ணி சில்லுன்னு ஆனா தீனிய நிறுத்துங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. பட்டினி போடச் சொல்ற குருவ இப்பதான் பாக்கறேன். அதுங்க அடியில அசையாமக் கெடக்குது. நான் பாத்துட்டு சும்மா நிக்கணுமா? ரெண்டு வேளைய நாலாக்கினேன்."

"குளிர்ல அதுங்களுக்குச் செரிக்காதுண்ணே. திங்காத தீனி அழுகித் தண்ணியே விஷமாயிடும்."

"ஒரு வாய் தின்னா தெம்பு வருமேன்னு..."

ஆஸ்பத்திரியில கடைசி வாரம் பூரா, கஞ்சிக் கிண்ணத்தோட கோமதி தலைமாட்டுல நின்னு நான் சொன்னதும் இதேதான். வேணாம்னு சொன்ன டாக்டரோடயும் சண்டை போட்டேன். அது ஜெசிந்தாவுக்கும் தெரியும். ஒரு நாள் பாக்க வந்திருந்தா.

"அன்னிக்கு அக்கா சாப்பிட்டாங்களா?"ன்னு இப்போ கேட்டா.

"வாயத் தொறந்தா. முழுங்கல."

"அப்புறம் ஏன் தொறந்தாங்க?"

"நான் சத்தம் போடுவேன்னு."

அவ குனிஞ்சு தொட்டிக்கு அடியில இருக்கற குழாயத் தொறந்துவிட்டா. அழுக்குத் தண்ணி வெளிய போக ஆரம்பிச்சுது.

"மிச்சம் பொழைக்குமா?"

"தெரியாதுண்ணே."

அப்பவே இன்னொண்ணு வெள்ளை வயித்தக் காட்டிக்கிட்டு மேல வந்துச்சு. மிச்சம் பத்து. என் கை தானா தீனி டப்பாவுக்குப் போச்சு. அவ அத எடுத்து மூடி, தன் பைக்குள்ள போட்டுக்கிட்டா.

"அப்போ இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் என்னதான்டி பண்றது?"ன்னு கத்தினேன்.

"ஸ்வெட்டர் பாக்கெட்டுல விட்டுக்கோங்கண்ணே. குளிருது."