தெய்வசிகாமணி வாங்கிய புல்வெட்டும் மிஷின்

கோபியில் ஒரு விவசாயக் கருவிக் கடை. அங்கே சாமான் விற்கிறவள் சிந்தாமணி. ஒருநாள் ரைஸ்மில் முதலாளி தெய்வசிகாமணி தாம்தூம் என்று வந்து இறங்கினார்.

"வீட்டு முன்னால புல்லு மண்டிக் கிடக்குது. இருக்கிறதிலேயே பெரிய பெட்ரோல் மிஷினை எடு. சின்னதைக் காட்டினா உன் வேலை போயிரும்!"

கடைக்காரர் அவள் காதில் முணுமுணுத்தார்: "வித்தது திரும்பி வந்தாலும் உன் வேலை போயிரும்."

அந்த மிஷின் ஒரு தோப்பையே வழித்துவிடும். அவர் வீட்டுப் புல்தரையோ நாலு பாய் விரிக்கத்தான் காணும்.

சிந்தாமணி பெரிய மிஷினை அவர் தோளிலேயே மாட்டிவிட்டாள்.

"என்ன கம்பீரமுங்க! அப்படியே நில்லுங்க, ஓட்டுற விதத்தைச் சொல்லிடறேன்."

பெட்ரோலில் ஆயில் கலப்பதைச் சொன்னாள். கத்தி மாட்டுவதைச் சொன்னாள். ஃபில்டர் கழுவுவதை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். மிஷின் கனத்தில் அவருக்கு நெற்றி வியர்த்தது, தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடையில் கூட்டம் வேடிக்கை பார்த்ததால் இறக்கிவைக்கவும் கௌரவம் விடவில்லை.

"மொதல்ல இருந்து இன்னொருக்கா சொல்லட்டுங்களா?"

"ஐயோ அம்மிணி! இதுக்குத் தம்பி யாராவது இருக்காங்களா?"

சின்ன மிஷின் வீட்டுக்குப் போனது. திரும்பி வரவே இல்லை. சிந்தாமணியின் வேலையும் நிலைத்தது.

கேட்டவர்களிடம் எல்லாம் தெய்வசிகாமணி சொன்னார்: "பெருசையே எடுத்திருப்பேன். புல்லு பாவமேன்னு விட்டுட்டேன்!"